கட்டிலை எங்கே போடுவீர்கள்?

“முதல்ல கட்டி முடிச்சிடலாம் சார். இன்டீரியரைக் கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.” சொந்த வீடு கட்ட வருகிறவர்களில் பலர் என்னிடம் சொல்வது இதுதான். கையிருப்பை நினைத்துப் பயந்து சொல்கிறார்கள்; அந்தப் பயம் நியாயமானது. இன்டீரியருக்கான செலவைத் தள்ளிப்போடலாம், யோசனையைத் தள்ளிப்போட முடியாது. தளத்துக்குக் கம்பி கட்டி, ஒயரிங் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைத்துக் கான்கிரீட் போட்டாகிவிட்டால், ஃபேன் எங்கே சுற்றும் என்பது அன்றே முடிவாகிவிடுகிறது. பூச்சு வேலை முடிந்தபின் ஒரு சுவிட்ச் போர்டை மாற்ற வேண்டுமென்றால், சுவரில் காடி வெட்டி, மறுபடி பூசி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும்.

பிளானில் வெறும் சதுரமாகத் தெரியும் 10-க்கு 10 படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரை ஒட்டி 6 அடி அகலக் கட்டிலைப் போட்டால் மிச்சம் 4 அடி. எதிர்ச்சுவரில் துணி அலமாரிக்கு 2 அடி ஆழம் போய்விடும். நடக்க 2 அடி இருக்கும். அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் இருக்காது. அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஜன்னல் கட்டிலுக்குப் பின்னால் போய்விடுமா என்பதெல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் வழி உண்டு. 9 அங்குலச் சுவரைவிடத் தடிமனான பில்லர் எப்படியும் மூலையில் துருத்திக்கொண்டுதான் நிற்கும். அலமாரியை அந்த மூலையிலிருந்து தொடங்கினால் பில்லர் அதற்குள் மறைந்துவிடும். கதவைத் தள்ளுகதவாக வைத்துக்கொள்ளலாம். லிண்டல் மட்டத்திலேயே பரணையும் சேர்த்துக் கான்கிரீட் போட்டுவிட்டால், பிளைவுட் செலவில் ஒரு பகுதி குறையும்.

சமையலறையில்தான் இடம் அதிகம் வீணாகிறது என்பேன். இதை முன்கூட்டியே யோசித்தவர் ஒருவர் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின், வீட்டுப் பஞ்சத்தில் தவித்த ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரம் ஆயிரக்கணக்கான குடியிருப்புகளைக் கட்டியபோது, 1926-ல் மார்கரேட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் அவற்றுக்கான சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைக்கிறவர் எத்தனை எட்டு நடக்கிறார், எதை எங்கிருந்து எடுக்கிறார் என்று பார்த்துப் பார்த்து, தொட்டி, அலமாரி, மாவு டப்பா எல்லாவற்றுக்கும் இடம் குறித்தார். அவை வீட்டோடு சேர்ந்தே வந்தன. சுமார் 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய முடிகிறது என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறை நமக்கு இன்னும் பெரியது: மாமியார் காய் நறுக்க, மருமகள் தோசை ஊற்ற, மகன் காபி கலக்க வரும் சமையலறை நம்முடையது. அவர் வரைந்த அளவு நமக்குப் பொருந்தாது. அவர் பார்த்த விதம் பொருந்தும். வெட் கிரைண்டர் எங்கே உட்காரும்? அதைக் கழுவிய தண்ணீர் எப்படி வடியும்? மிக்ஸிக்குப் பிளக் பாயின்ட் அடுப்புக்குப் பின்னால் இல்லாமல் இருக்கிறதா? பிரிட்ஜின் கதவு முழுக்கத் திறக்குமா, சுவரில் இடிக்குமா? மேடை உயரத்தைக் கொத்தனாரின் வழக்கப்படி விட்டுவிடாமல், சமைக்கிறவரை நிற்கவைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைக்கச் சொல்கிறேன். நாற்பது வருடம் குனிந்து சமைத்த முதுகுகளை நம் வீடுகளில் நிறையவே பார்த்தாயிற்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாத்ரூமுக்கு இரண்டரை அடி வாசக்கால் வைக்கிறோம். சட்டம் போக மிஞ்சும் வழியில் சக்கர நாற்காலி நுழைவது கடினம். கீழ்த்தளத்தில் ஒரு பாத்ரூமுக்காவது மூன்றடிக் கதவு வையுங்கள். கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். அப்பா கீழே விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வாரத்தில் சுவரை இடிப்பது பெரும்பாடு.

பேஸ்மென்ட் முடிந்து, சுவருக்கு நூல் பிடிக்கிற அன்று கார்பென்டர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் மூவரையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். கட்டில், பீரோ, பிரிட்ஜ், சாப்பாட்டு மேஜை இவற்றின் அளவைக் கோலமாவால் தரையில் போட்டு, வீட்டில் எல்லோரும் அதனூடே நடந்து பாருங்கள். பாட்டியும் நடக்கட்டும். பில்லர் நிற்கிற இடம் இனி மாறாது. ஆனால் நாலரை அங்குலத் தடுப்புச்சுவர் அரை அடி தள்ளிப் போக வேண்டுமென்றால், எஞ்சினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேஸ்திரி நூலை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினால் போதும்.