பொக்லைன் பக்தி

பொக்லைன் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மண் வாரும் அதன் கையில் செவ்வந்தி மாலை. தேங்காய் உடைத்ததும் அது கண்மாய்க்குள் இறங்குகிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு. ‘பதினைந்து அடி ஆழம்! இனி எங்கள் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சமே கிடையாது!’ என்ற எழுத்தோடு காணொளி முடிகிறது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து அக்கா மகன் அனுப்பியிருந்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவே கைகூப்பிக் கும்பிட்டது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ‘மடை எத்தனை அடியில் இருக்கிறது?’ உடனே பதில் வந்தது: ‘மாமா, நல்லது நடக்கும்போது நெகட்டிவா பேசாதீங்க.’

தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்பது இன்று கட்சி, சாதி, மதம் எல்லாம் கடந்து தமிழர்கள் ஒன்றுபட்டு நிற்கும் அபூர்வமான நம்பிக்கை. எம்.எல்.ஏ. தோண்டுகிறார், நடிகரின் ரசிகர் மன்றம் தோண்டுகிறது, அமெரிக்காவில் இருக்கும் ஊர்க்காரர்கள் டாலர் அனுப்பித் தோண்டச் சொல்கிறார்கள். வானம் எங்கே, வரத்து எங்கே என்று கேட்பவன் ஊர்த் துரோகி.

மடையைப் பற்றி நான் கேட்டது குசும்புக்காக அல்ல. கண்மாயின் கரையில் மடை ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் தானாகவே வாய்க்காலில் இறங்கி ஆயக்கட்டுக்குப் போகும். மடைக்குக் கீழே நீங்கள் பதினைந்து அடி தோண்டினாலும் ஐம்பது அடி தோண்டினாலும் அது வயலுக்கு ஏறி வராது. மோட்டார் வைத்து இறைக்க வேண்டும். அதாவது, ஒரு காசு செலவில்லாமல் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரைப் பள்ளத்தில் தள்ளி, பிறகு கரண்ட் போட்டு மேலே தூக்குவதுதான் இந்தத் திட்டம். இதற்குத்தான் செவ்வந்தி மாலை. போதாக்குறைக்குச் செங்குத்தாக வெட்டிய அந்தக் குழிகளில் மாடும் பிள்ளைகளும் தவறி விழும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது.

சரி, அந்தப் பள்ளமாவது நிறையுமா? அதற்கு வரத்துக்கால் வேண்டும். காணொளியில் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் பக்கத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் வரிசையாகக் கலர்க் கொடி நட்டு ‘நகர்’ என்று பெயர் வைத்த மனைப்பிரிவு. வரத்துக்காலின் மேல் யாருடைய வீட்டு முற்றமோ இருக்கிறது. பெரிய டம்ளர் வாங்கிவிட்டால் குடத்தில் தண்ணீர் கூடிவிடும் என்று நம்புகிறவர்களிடம் என்ன பேசுவது?

நான் பேசுவது ஒரே ஒரு ஊரைப் பற்றித்தான்: ஹிவ்ரே பஜார். மராட்டியத்தில், முன்பு அகமதுநகர் என்றிருந்த அகில்யாநகர் மாவட்டத்து மழைமறைவுக் கிராமம். ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழை. 1980-களில் சனம் பிழைப்புக்காக வெளியூர் ஓடிக்கொண்டிருந்தது. 1989-ல் எம்.காம். படித்த போபட்ராவ் பவார் என்ற இளைஞரைப் பிடித்து ஊர்த்தலைவராக உட்கார வைத்தார்கள். அவர் பள்ளத்தில் போய் நிற்கவில்லை, மேட்டுக்கு ஏறினார். மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவில் சமமட்டக் கோடுகளையொட்டி வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அகழிகள் வெட்டினார்கள். ஊரார் சிரமதானமும் மாநில வேலை உறுதித் திட்டத்துக் கூலியும் சேர்ந்து வேலை நடந்தது. சரிவில் மாடு மேய்க்கத் தடை, மரம் வெட்டத் தடை. ஓடி வரும் மழை முதலில் மேலேயே நின்றது, மண்ணுக்குள் இறங்கியது. பிறகு கீழே கிணறுகள் ஊறின. மலைமுகட்டிலிருந்து பள்ளத்தாக்கு நோக்கி வேலை செய்வதுதான் நீர்ப்பிடிப்புச் சீரமைப்பின் அரிச்சுவடி. நம்மவர்கள் அதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இதைவிடக் கசப்பான பாதி இனிமேல்தான். விவசாயத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்று ஹிவ்ரே பஜார் முடிவெடுத்தது. கரும்பும் வாழையும் வேண்டாம் என்றது. மழைக்காலம் முடிந்ததும் மழை எவ்வளவு, கிணறுகளில் மட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். சனத்துக்கும் கால்நடைக்கும் குடிநீரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு ஏற்றபடி என்ன விதைக்கலாம் என்று கிராம சபை முடிவு செய்கிறது. பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாம் அந்தச் செய்தியையும் ‘பெருமைக்குரிய தருணம்’ என்று பகிர்ந்துவிட்டு, மறுநாள் 800 அடிக்கு போர் போட ரிக் வண்டிக்குச் சொல்லியனுப்பினோம்.

ராமநாதபுரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை. ஹிவ்ரே பஜாரைப் போல இரண்டு மடங்கு. மராட்டியத்து லாத்தூருக்கும் ஏறக்குறைய அதே இரண்டு மடங்குதான். 2016 ஏப்ரலில் லாத்தூருக்கு மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. முதல் ரயிலில் 5 லட்சம் லிட்டர். சுற்றிலும் கரும்புக் காடு, நடுவில் காலிக் குடத்தோடு வரிசை. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. அந்த ஊருக்கும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தது. அதிக மழை பெய்கிற ஊர்களுக்கு ரயிலில் தண்ணீர். குறைவாகப் பெய்கிற ஹிவ்ரே பஜாருக்கு? அந்த ஊருக்குத் தண்ணீர் ரயில் விட்டதாக ஒரு செய்தி காட்டுங்கள், பொக்லைனுக்கு நானே சூடம் கொளுத்துகிறேன்.

தோண்டல் பக்தி நமக்கு மட்டும் சொந்தமும் அல்ல. அதே மராட்டியத்தில், ஹிவ்ரே பஜாருக்குக் கூப்பிடு தூரத்தில், ஜல்யுக்த சிவார் என்ற அரசுத் திட்டத்தின் பெயரில் ஓடைகளை அகலப்படுத்தி ஆழப்படுத்தும் பெருவேலை நடந்தது. மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் நோண்டுகிறீர்களே என்று பொருளியலாளர் எச்.எம். தேசர்டா மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார். கடைசியில் ₹9,600 கோடிக்கு மேல் செலவழித்தும் நிலத்தடி நீர்மட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று 2020-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். பக்கத்து ஊரைப் பார்த்துப் படித்திருந்தால் போக்குவரத்துச் செலவோடு முடிந்திருக்கும்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2017-ல் தூர்வாரலுக்குக் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தோம். முன்பு உழவர்கள் கண்மாய்க் கரம்பையை வண்டியில் அள்ளி வயலுக்கு அடித்தார்கள். இப்போது வெளியேறும் மண் எந்த வயலுக்குப் போகிறது, எந்தச் செங்கல் சூளைக்குப் போகிறது என்று லாரிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தூர்வாரல் சிலருக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று புரிந்துவிடும். சரிவில் புல்லில்லை, மரமில்லை என்றால் அடுத்த நான்கு மழையில் வண்டல் மறுபடியும் வந்து படியும். மறுபடியும் டெண்டர், மறுபடியும் தேங்காய்.

அதே 2017-ல் இன்னொரு கூத்து. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டால் நிலத்தடி நீர் தானாகப் பொங்கும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகக் கிளம்பினோம். குற்றவாளி மரம் என்றால் யாருக்கும் சங்கடம் இல்லை, அதற்கு ஓட்டு இல்லை. போர்வெல் சொந்தக்காரருக்கு ஓட்டு உண்டு. நகரங்களில் இன்னும் நாகரிகம்: ஏரியின் நீர் விளிம்பைச் சுருக்கி, சுற்றிக் கல் பதித்து, நடைபாதை போட்டு, ‘நான் என் ஏரியை நேசிக்கிறேன்’ என்று விளக்கு வைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை எழுப்பிய கைகளுக்குக் கூட இவ்வளவு பாசம் இருந்ததில்லை. இதெல்லாம் போதாதவர்களுக்குக் காவிரி-வைகை-குண்டாறு இணைப்பு இருக்கிறது. 2021-ல் அடிக்கல் நாட்டியாயிற்று. எங்கிருந்தோ தண்ணீர் வரும் என்று காத்திருக்கும்போது, நம் மேட்டில் விழும் மழையை யார் மதிப்பார்கள்?

ஆழப்படுத்துவது எளிது. ஒரு இயந்திரம், ஒரு வாரம், ஒரு பேனர். வரத்துக்காலை மீட்பது கடினம், அங்கே சித்தப்பாவின் வீடு நிற்கிறது. போரை நிறுத்துவது இன்னும் கடினம், அது நம் வீட்டுப் போர். ஆகவே எதிர்த்துப் பேசாத மண்ணோடு மட்டும் மல்லுக்கட்டி வீரம் காட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளையொட்டிக் கிராம சபை கூடுவதுண்டு. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். வரத்துக்காலைச் சர்வேயரைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நடுவது. ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மாதந்தோறும் அளந்து பலகையில் எழுதுவது. அந்தப் பலகையைப் பார்த்த பிறகே இந்தப் பருவத்துக்கு நெல்லா, கரும்பா, கம்பா என்று முடிவெடுப்பது. மூன்றும் நடந்தபின் தாராளமாகப் பொக்லைனைக் கூப்பிடுங்கள். மடை மட்டம் வரைக்கும் தோண்ட டீசல் செலவு என்னுடையது.