கை போனது தலைவிதியா?

ஆலைச் சக்கரத்தில் அகப்பட்டு ஒரு தொழிலாளியின் கை போனால், முதலாளி “அவன் தலைவிதி” என்கிறார். பிறகு சில நூறு ரூபாயைக் கொடுத்து, ஒரு காகிதத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு, “தர்மம் செய்தேன்” என்று ஊரெல்லாம் சொல்லிக் கொள்ளுகிறார்.

சக்கரத்துக்கு மூடி போடாமல் விட்டதும் விதிதானா என்று கேட்கின்றோம். லாபம் வந்தால் அது முதலாளியின் சாமர்த்தியம். கை போனால் மாத்திரம் அது கடவுள் செயலா? இது என்ன யோக்கியமான கணக்கு!

தோழர்களே! வேலையினால், வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாளி என்றும், அவர்மீது குற்றமிருப்பதாகத் தொழிலாளி ருஜுப்பிக்க வேண்டியதில்லை என்றும் 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமே ஏற்படுத்திவிட்டது. அன்றியும், “எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தாலும் அவ்வெழுத்துச் செல்லாது என்றது. ஆள் இறந்துபோனால் பணத்தைக் கமிஷனரிடமே கட்டவேண்டும் என்றது. விதவையின் கையில் எதையோ திணித்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல இடமில்லை. அச்சட்டம் 2020-ம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டபோதும் இவ்வுரிமை அழிந்துவிடவில்லை.

ஆகவே நஷ்ட ஈடு என்பது பிச்சையல்ல, பாக்கி. மிச்சமுள்ள கை ரேகை வைப்பதற்கல்ல, மனுப் போடுவதற்கு.