பெருமாளும் பிழை அறிக்கையும்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புமுன் அதன் சிறு மாதிரி திருமலைக்குப் போய்விடும். பல வருட வழக்கம். ஒவ்வொரு முறையும் பகுத்தறிவாளர்கள் கண்டிக்கிறார்கள், பக்தர்கள் பூரிக்கிறார்கள். வேண்டுதல் பலிக்காதபோது இஸ்ரோவில் என்ன நடக்கிறது என்பதை இரு தரப்பும் கவனிப்பதில்லை.

2019-ல் சந்திரயான்-2 புறப்படுமுன்பும் திருமலையில் வழிபாடு நடந்தது. செப்டம்பர் 7 அதிகாலை விக்ரம் நிலவில் மோதியது. தெய்வக் குற்றம் என்று யாரும் கோப்பை மூடிவிடவில்லை. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. சேர்ந்துவிட்ட பிழையைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருள் அதற்கு வரம்பு கட்டியிருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

அடுத்த கலத்துக்கு அந்த இடம் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிந்தது. கால்கள் பலப்பட்டன, எரிபொருள் கூடியது, மென்பொருள் மாறியது. 2023 ஜூலையிலும் மாதிரி திருமலைக்குப் போனது. ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. வழிபாடு இரண்டு முறையும் ஒன்றுதான். மாறியது கணக்கு.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. வைமானிக சாஸ்திரம் என்ற நூலில் உள்ள விமானங்கள் பறக்கக்கூடியவை அல்ல, நூலும் 20-ம் நூற்றாண்டில் எழுந்ததுதான் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் 2015 ஜனவரியில், மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பழங்கால விமானங்கள் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அங்கே யாரும் சாமி கும்பிடவில்லை. ஆனால் நம்பிக்கை சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. சோதனைக்கு உட்படாத சாட்சி.

மொழிபெயர்ப்பில் பிழைக்கும் எனக்கு இதில் ஒரு சங்கடம். கடவுளிடம் வைப்பதும், நூறு முறை சோதித்தபின் ஒரு கருவியிடம் வைப்பதும் தமிழில் 'நம்பிக்கை'தான். ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒரே சொல்லில் இரண்டையும் அடைப்பதால் நம் விவாதமும் குழம்பிவிடுகிறது.

மதச்சார்பற்ற அரசின் ஒரு நிறுவனம் ஒரு மதத்தின் கோயிலுக்குப் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது அரசியல் சட்டத்தின் கேள்வி. விஞ்ஞானத்தின் கேள்வி ஒன்றே: கும்பிட்டுவிட்டு வந்தவர் எழுதும் பிழை அறிக்கையில் பெருமாளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறாரா? இல்லையென்றால் அவர் திருநீறோ திருமண்ணோ இட்டுக்கொள்ளட்டும்.