பிரியாவிடையும் வகுப்பு நாடகமும்

கல்லூரி வாழ்வின் இறுதி நாள் மாணவர் உள்ளத்திலே நெடுங்காலம் நிலைத்து நிற்பதொன்றாகும். அந்நாளை எவ்வாறு கொண்டாடுதல் தகும் என்னும் வினா மலையகப் பாடசாலைகளிலே இன்று எழுந்துள்ளது. இக்கல்லூரியிற் பயின்று, பின்னர் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே பல்லாண்டு ஆசிரியத் தொழில் புரிந்தவன் என்ற உரிமை பற்றி, இவ்விழா மலரிலே என் கருத்தைக் கூற விழைகின்றேன். பழைய மாணவருட் சிலர் என்னோடு மாறுபடவுங்கூடும், அம்மாறுபாட்டை வரவேற்கின்றேன்.

எம் காலத்திலே, மேல்வகுப்பார் விடைபெறுங்கால் கீழ்வகுப்பார் அவர்க்கொரு தேநீர் விருந்தளிப்பர். விடைபெறுவோர் ஒரு நாடகம் நடிப்பர். அவ்வளவே. இன்றோ, கொழும்பு நகரத்துப் பாடசாலைகளைப் பின்பற்றி, ‘புரோம்’ எனப்படும் இராவிருந்து மலைநாட்டிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தோன்றி, 20ஆம் நூற்றாண்டிலே உயர்பாடசாலைகளுக்கும் பரவிய வழக்கமிது. விடுதியொன்றின் மண்டபம், ஆண்டுக்கொரு கருப்பொருள், அக்கருப்பொருளுக்கேற்ற உடை, இசை, நடனம், விருந்து என்பன இதன் அங்கங்களாம்.

பிறநாட்டு வழக்கம் என்பதனாலே மட்டும் இதனை இகழ்தல் அறிவுடைமையாகாது. நாம் போற்றும் கிரிக்கெட் ஆட்டமும் பிறநாட்டிலிருந்து வந்ததே. ஆண்டு நிறைவுக்கு மலர் வெளியிடும் இவ்வழக்கமுங்கூட அவ்வாறு வந்ததுதான். பதின்மூன்றாண்டு படித்துக் களைத்த பிள்ளைகள் ஓரிரவு மகிழ்ந்திருக்க விரும்புவதிலே குற்றமொன்றுமில்லை. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் மதித்துப் பழகக் கற்பதும் கல்வியின் ஒரு கூறே. எனவே, என் தடை ஒழுக்கம் பற்றியதன்று. அவ்விருந்துக்கு வராதவர்களைப் பற்றியது.

ஓய்வு பெறுமுன் இத்தகைய விருந்தொன்றுக்கு அழைக்கப்பெற்றிருந்தேன். மண்டபத்திலே வகுப்பாரை எண்ணிப் பார்த்தேன், ஐவர் குறைந்தனர். அவ்வைவரும் தோட்டத்து லயங்களிலிருந்து வருவோர். மறுவாரம் அவருள் ஒருவனைக் கண்டு வினவியபோது, “காய்ச்சல், சேர்” என்றான். அவன் முகம் வேறு கூறிற்று. பின்னர் அவன் தாயே உண்மையை உரைத்தார். நுழைவுச் சீட்டுக்கும், புதிய உடைக்கும், இரவிலே வீடு திரும்பும் வாகனத்துக்குமாக அவர் கடன் கேட்கப் புறப்பட்டிருக்கின்றார், மகன் தடுத்துவிட்டான். 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், அப்பிள்ளை கணக்கிலே பிழைவிடவில்லை என்பது விளங்கும். பதின்மூன்றாண்டு ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்களைக் கடைசி நாளிலே காசு பிரித்துவிட்டது.

அவ்விருந்தின் கருப்பொருள் யாதெனிற் கூறவும் நாணுகின்றேன்: ‘தேயிலைத் தோட்டம்’! சுவரெங்கும் கொழுந்துக் கூடைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. சில மாணவியர் கூடையை முதுகிலே மாட்டிக்கொண்டு படம் பிடித்து மகிழ்ந்தனர். அவர்கள் கெட்ட எண்ணமேதும் கொண்டாரல்லர். ஆயினும், மெய்யாகவே அக்கூடையைச் சுமப்பவளின் மகன் அவ்விடத்துக்கு வர வழியின்றி லயத்திலே இருந்தான். பாட்டனும் பாட்டியும் பட்ட பாடு பேரப்பிள்ளைகளுக்கு அலங்காரப் பொருளாயிற்று.

நிற்க. அதே கூடை மேடையிலே என்னவாயிற்று என்பதையும் கூறுதல் வேண்டும். அடுத்த ஆண்டு விடைபெற்ற வகுப்பார், விடுதி விருந்தை விடுத்து, தாமே எழுதிய நாடகமொன்றைப் பாடசாலை மண்டபத்திலே நடித்தனர். கொழுந்தின் நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்ட ஒரு பெண்ணின் கதையது. தராசுக் காட்சியிலே, பார்வையாளரிடையே இருந்த ஒரு தாய் தம்மை மறந்து, “எங்க தராசும் அப்பிடித்தாங்க சொல்லும்!” என்று உரக்கக் கூறினார். மண்டபம் நகைத்தது, பின்னர் அமைதியாயிற்று. அதுகாறும் அம்மண்டபத்துக்கு வரக் கூச்சமுற்றுப் பின்வாசலில் நின்ற பெற்றோர், அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். தம் வாழ்வு பேசத்தகுந்த பொருள் என்பதை அவரும் அவர் பிள்ளைகளும் ஒருங்கே கண்ட நாளது.

நாடகம் மலையகத்தாருக்குப் புதியதன்று. மாசி மாதத்திலே தோட்டந்தோறும் காமன் கூத்து ஆடப்பெறுகின்றது. மன்மதனைச் சிவன் எரிப்பதும், இரதி புலம்புவதும் தப்பு முழக்கத்தோடு காமன் பொட்டலிலே நிகழும். தோட்டமே அதிற் பங்குகொள்ளும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அவ்வாறே போற்றப்படுவன. ஹட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினராயிருந்த கோ. நடேசய்யர், தொழிலாளரின் இடர்களை உணர்த்த 1937இல் ‘அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகத்தை எழுதினார். மேடையாற் கிட்டும் விழிப்பு எத்தகையதென்பதை அவர் அறிந்திருந்தார்.

மாணவர் நாடகத்தைச் சிறுபிள்ளை விளையாட்டெனக் கருதுவோர் பேராதனையை நோக்குக. 1956இல் எதிரிவீர சரச்சந்திர பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கே அதனால் மாறிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கேயே மாணவரை நெறிப்படுத்தி, மட்டக்களப்புக் கூத்து மரபைப் புத்துயிர் பெறச் செய்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘இராவணேசன்’ 1964இலும் அவ்வாறு உருவாயின. இவ்விருவரும் கிராமத்து அண்ணாவிமாரிடமிருந்து கற்க நாணவில்லை. தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் நம் பிள்ளைகளை அனுப்ப நாம் ஏன் நாணவேண்டும்?

பரீட்சைக் காலத்திலே நாடகமா என்று பெற்றோர் சிலர் வினவுவர். ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தரப் பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்றென்பதை அவர்க்கு நினைவூட்டுவேன். தமிழ்மொழித் தினப் போட்டிகளிலே நாடகம் உண்டே என்பாரும் உளர். உண்டு, ஆனாற் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் சிலரே. வகுப்பு நாடகத்திலோ நடிக்க வராதவன் திரை இழுப்பான். பாட வராதவள் உடை தைப்பாள். கணக்கிலே வல்லவன் வரவு செலவு பார்ப்பான். தேவையற்றவர் என்று ஒருவரும் அங்கே இல்லை.

எனவே, பின்வருமாறு வேண்டுகின்றேன். பிரியாவிடை பாடசாலை மண்டபத்திலேயே நிகழ்வதாக. தோட்டங்களுக்குச் செல்லும் கடைசி பஸ்ஸுக்கு முன்னரே அது முடிவதாக. நுழைவுக் கட்டணம் ஒரு சதமேனும் வேண்டா. வகுப்பார் அனைவர்க்கும் நாடகத்திலே ஒரு பணி அமைவதாக. நாடகம் முடிந்தபின் இளைஞர் விரும்பும் இசையும் ஆட்டமும் இருக்கட்டும்; மேடையுடையோடே ஆடட்டும்; எவர் உடை விலையுயர்ந்தது என்னும் பேச்சுக்கே அங்கு இடமிராது.

ஒளியமைப்புக்கும், உடைக்கும், ஒருவேளை உணவுக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவராகிய நாம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். விழாவுக்கு வளைவு கட்டுகின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம். அச்செலவிலே ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினால், மலைநாட்டிலே ஒரு பாடசாலையின் வகுப்பு முழுவதும் ஒருங்கு நின்று விடைபெறும். பிறிதோராண்டு இன்னொரு பாடசாலைக்கும் அதனை விரிக்கலாம்.

அன்று வராத அவ்வைவரை நான் மறந்திலேன். இனி விடைபெறும் வகுப்புகளிலே ஒருவரேனும் “காய்ச்சல், சேர்” என்று பொய்யுரைக்க நேராதிருப்பதாக. எம் கல்லூரி அன்னை வாழ்க!