பிளாஷுக்கு மூடியா? பிள்ளை முகத்துக்கு ஒளியா?



பள்ளி ஆண்டு மலருக்குப் படமெடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என் தலையில்தான் விழுந்து வருகிறது. ஒருமுறை, பரிசளிப்பு விழாப் படங்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் படத்தின்முன் நெடுநேரம் நின்றாள். மறுநாள் அவளுடைய தாயார் வந்தார். "சார், என் பிள்ளை முகமே தெரியலையே... எண்ணெய் வடியிற மாதிரி இருக்கே" என்று தயங்கியவாறு கேட்டார். படத்தை மீண்டும் பார்த்தேன். வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருந்தது. நெற்றியிலும் மூக்கிலும் வெண்திட்டுகள். எஞ்சிய முகம் இருண்டு கிடந்தது. பின்சுவரில் கரிய நிழல். குற்றம் குழந்தையுடையதன்று; நான் பயன்படுத்திய பிளாஷ் விளக்கினுடையது!

அன்றிலிருந்துதான் ஒளியை மென்மையாக்கும் டிஃபியூசர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இப்போது மற்ற பள்ளி ஆசிரியர்களும் "எந்த டிஃபியூசர் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்கின்றனர். என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லி விடுகிறேன். பிளாஷின் தலையில் மாட்டும் சிறிய பிளாஸ்டிக் மூடிக்காகப் பள்ளிப் பணத்தைச் செலவிட வேண்டா.

காரணம் எளிது. ஒளி மென்மையாவது அதன் முன்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் இருப்பதால் அன்று. ஒளி புறப்படும் பரப்பு, படமெடுக்கப்படுபவரிலிருந்து பார்க்கும்போது பெரிதாகத் தெரிவதால்தான். பிளாஷின் முகப்பு ஏறத்தாழ 7 செண்டிமீட்டர் அகலமும் 4 செண்டிமீட்டர் உயரமும் கொண்டது. மூடியை மாட்டினாலும் அந்த அளவு பெரிதாக மாறிவிடாது. மூடி செய்வதெல்லாம் ஒளியை நாற்புறமும் சிதறடிப்பதே. வெள்ளைக் கூரையும் வெள்ளைச் சுவரும் உள்ள வகுப்பறையில், சிதறிய ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி வரும். படம் அழகாகவே அமையும். ஆனால், நம் பள்ளிகள் பலவற்றில் மண்டபம் எப்படி இருக்கிறது? உயரமான தகரக் கூரை, திறந்த பக்கங்கள். அங்கே சிதறிய ஒளி திரும்புவதே இல்லை. மின்கலம் விரைவில் தீர்ந்துபோவதுதான் மிச்சம். திடலில் நடக்கும் விளையாட்டுப் போட்டியிலும் இதே கதைதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வகுப்பறையிலும் தாழ்ந்த வெள்ளைக் கூரையுள்ள அறையிலும் மூடியே தேவையில்லை. பிளாஷின் தலையைக் கூரை நோக்கித் திருப்பினால் போதும். கூரையே பெரிய விளக்காகிவிடும். சுவரோ கூரையோ பச்சை, நீலம் என்று வண்ணம் பூசப்பட்டிருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அந்த வண்ணம் முகத்திலும் படியும்.

மண்டபத்திற்கு நான் பயன்படுத்துவது, ஏ5 அளவுள்ள தடித்த வெள்ளை அட்டை. பிளாஷின் தலையை மேல்நோக்கி நிமிர்த்தி, அதன் பின்புறம் அட்டையை ரப்பர் வளையத்தால் கட்டி, சற்று முன்புறமாகச் சாய்த்து விடுகிறேன். அட்டையின் பரப்பு பிளாஷ் முகப்பைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. செலவு ஓரிரு ரிங்கிட் மட்டுமே. பணம் இருக்கும் பள்ளிகள், மடித்து வைக்கக்கூடிய சிறிய சாஃப்ட்பாக்ஸ் வாங்கலாம். எதுவாயினும் அருகில் சென்று எடுப்பதே நலம். தூரம் இருமடங்கானால் முகத்தை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். தூரத்திலிருந்து பார்க்கையில் பெரிய அட்டையும் சிறிய புள்ளிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவி தானாக ஒளியை அளக்கும்போது, நம் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைக் கண்டு "வெளிச்சம் போதும்" என்று முடிவு செய்து விடுகிறது. முகம் இருண்டு போகிறது. மேடையில் கறுப்புத் திரை இருந்தாலோ தலைகீழாக நடக்கும், முகம் வெளிறிவிடும். ஆகவே முதல் படத்தை எடுத்தவுடன் திரையில் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பிளாஷின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த டிஃபியூசரும் இந்த வேலையை நமக்காகச் செய்யாது.

படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டைகளில், பல பத்தாண்டுகளாக வெள்ளைத்தோல் பெண்ணின் படமே இருந்தது. "ஷர்லி அட்டை" என்பது அதன் பெயர். கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. இன்று அந்த அட்டை இல்லை. ஆனால், படத்தை எடுத்த பிறகு கைப்பேசிச் செயலியில் முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் நம்மிடமே இருக்கிறது. சில பெற்றோரும் அதைக் கேட்கின்றனர். பிள்ளையின் நிறத்தை மாற்றித் தரும் படம், "உன் முகம் சரியில்லை" என்று அந்தப் பிள்ளையிடமே சொல்கிறது. அதை ஓர் ஆசிரியர் செய்யலாமா?

கறுத்த முகத்திற்கு நல்ல ஒளி கொடுத்தால், அது கறுத்த முகமாகவே அழகாகத் தெரியும். அடுத்த ஆண்டு அதே மாணவியை, வெள்ளை அட்டையின் ஒளியில் மீண்டும் படமெடுத்தேன். நிறம் மாறவில்லை; கண்ணும் சிரிப்பும் தெளிவாக இருந்தன. அந்தப் படத்தை அவள் தாயார் கேட்டு வாங்கிச் சென்றார்.

அடுத்த விழாவுக்குமுன் ஒரு வெள்ளை அட்டையை வெட்டி வைத்துக் கொள்ளுங்கள். பயன்படுத்திப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.