கணினிப் பாடம் கணக்குப் பாடம் ஆகுமா?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்க இத்தனை ஆண்டு கணக்கு படித்திருக்க வேண்டும் என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி உண்டு. கணினி அறிவியல் படித்தால் அதில் ஓராண்டைக் கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. 2013-இல் தொடங்கிய கோட் டாட் ஆர்க் அமைப்பு இதைத் தன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக்கி, மாநிலம் மாநிலமாக வாதாடியது. இன்று இதை எதிர்ப்பவரைப் பழைய பஞ்சாங்கம் என்றுதான் நினைக்கிறார்கள். கணினி அறிவியலை எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும். அதைக் கணக்கின் பெயரில் வரவு வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

கணினி அறிவியலே கணிதத்தின் பிள்ளைதானே என்பது முதல் வாதம். பிறப்பைப் பார்த்தால் உண்மை. ஆலன் டூரிங்கின் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரை கணிதத் தருக்கத்தில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாக வந்தது. ஆனால் பள்ளியில் நடத்துவது டூரிங்கை அல்ல. இருப்பதில் கனமானதாகக் கருதப்படும், கல்லூரித் தரத்திலான ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் லூப் எழுதுவது, அர்ரேயைக் கையாள்வது, கிளாஸ் அமைப்பது, ரிகர்ஷன் என்று போகிறது. நல்ல பாடம். ஆனால் அதில் மாணவர் ஒரு தேற்றத்தையும் நிறுவ வேண்டியதில்லை.

அது மட்டுமல்ல, பார்க்க ஒன்றாக இருக்கும் குறிகள் இரண்டு வகுப்பிலும் வேறு வேறு வேலை செய்கின்றன. 'அ = அ + 1' என்று இயற்கணித வகுப்பில் எழுதினால் அதற்குத் தீர்வே கிடையாது. ஜாவாவில் அதே வடிவம் நாள்தோறும் எழுதும் வரி: அ-வில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி மறுபடி அ-விலேயே வை என்ற கட்டளை. முழு எண்களாக வைத்து 7-ஐ 2-ஆல் வகுத்தால் ஜாவா 3 என்று சொல்லும். 2147483647-உடன் 1-ஐக் கூட்டினால் சாதாரண முழு எண் வகையில் கழித்தல் குறியோடு 2147483648 வந்து நிற்கும். இவை பிழைகள் அல்ல, பொறி வேலை செய்யும் விதம். புரோகிராம் எழுதுபவர் அறிந்தே ஆக வேண்டும். ஆனால் இவற்றைக் கற்ற பிள்ளை அடுக்குக்குறிச் சார்புகளையும் மடக்கைகளையும் கற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது.

புரோகிராமிங் கணக்கைக் கற்பிக்கவே முடியாதா என்றால், முடியும். பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராம் கிருஷ்ணமூர்த்தி, கேத்தி ஃபிஸ்லர், அவர்களோடு இமானுவேல் ஷான்சர் ஆகியோரின் பூட்ஸ்டிராப் திட்டம் அதைச் செய்துகாட்டுகிறது. பிள்ளைகள் ஒரு வீடியோ கேம் செய்தபடியே சார்புகளைப் பழகுகிறார்கள். சொற்களில் தரப்படும் கணக்குகளில் அந்தத் திறன் கைகொடுப்பதாக ஆய்வும் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, ஏதோ ஒரு மொழி போதும் என்று அவர்கள் எண்ணவில்லை. இயற்கணிதத்தில் நடப்பது போலவே மாறியும் சார்பும் நடந்துகொள்ளும் மொழியைத் தேடி எடுத்தார்கள். இயற்கணித வகுப்புக்குள்ளேயே அதை நுழைத்தார்கள், இயற்கணிதத்துக்கு மாற்றாக அல்ல.

கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் என்பது இரண்டாவது நம்பிக்கை. இரண்டாண்டுக்கு மேல் கணக்கு கேட்கும் பள்ளி மாவட்டங்கள் கணினி அறிவியலை அதில் ஓராண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று கலிஃபோர்னியா 2014-இல் சட்டம் செய்தது. அதே மாநிலத்தின் யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களோ இயற்கணிதம், வடிவியல், அல்ஜீப்ரா 2 (உயர் இயற்கணிதம்) என்ற மூன்றையும் சேர்க்கைக்குக் கேட்கின்றன. நான்காவது ஆண்டும் படித்திருப்பது நல்லது என்கின்றன. பள்ளியில் செல்லும் கிரெடிட் பல்கலைக்கழக வாசலில் செல்லாமல் போகலாம் என்பதைப் பிள்ளை எப்போது தெரிந்துகொள்ளும்? அல்ஜீப்ரா 2-க்குப் பதில் டேட்டா சயின்ஸ் போதும் என்று 2020-இல் அங்கே ஒரு கதவு திறந்தது. 2023-இல் யுசி ஆசிரியர் குழுவே அதை மூடிவிட்டது. (பொறியியலுக்கு +2 கணிதம் கட்டாயமில்லை என்று பொருள்படும்படி 2021-இல் இந்தியாவின் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ ஒரு விதியை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் விளக்கம் சொல்ல நேர்ந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

வாஷிங்டன் மாநிலத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் சுவாரசியம். ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸைக் கணக்காக ஏற்கலாம், ஆனால் அந்த மாணவர் அல்ஜீப்ரா 2-ஐ முடித்திருக்க வேண்டும் அல்லது கூடவே படித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சட்டம் எழுதியவர்களே நம்பவில்லை என்றுதானே பொருள்?

மாணவர் சேர்க்கை கூடும், பெண்களும் கருப்பின, லத்தீன் பிள்ளைகளும் அதிகம் வருவார்கள் என்பது அடுத்த வாதம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கணினி ஆசிரியரே இல்லாத பள்ளியில் கிரெடிட்டை எந்தத் தலைப்பில் எழுதினாலும் வகுப்பு நடக்காது. வகுப்பு நடக்கும் இடத்தில் இந்தச் சலுகையை யார் பயன்படுத்துவார்? நுண்கணிதம் வரை போகும் வீட்டுப் பிள்ளை கணினியைக் கூடுதலாகத்தான் எடுக்கும். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குத்தான், 'அல்ஜீப்ரா 2 உனக்கு எதற்கு, இதை எடு' என்று ஆலோசகர் வழிகாட்டுவார். அந்தப் பிள்ளை நாளை கணினித்துறைக்கே போக நினைத்தால்? அமெரிக்காவில் ஏபெட் என்ற தர அமைப்பின் அங்கீகாரம் பெறும் கணினி அறிவியல் பட்டப்படிப்பு டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸைக் கட்டாயம் நடத்த வேண்டும். அதன் கணிதப் பகுதி தொடக்க நுண்கணிதத்துக்குக் குறையாத கடுமை கொண்டிருக்க வேண்டும். கணினியின் பெயரைச் சொல்லிக் கணக்கைக் குறைத்துக்கொண்ட பிள்ளைக்குக் கணினிப் படிப்புதான் எட்டாமல் போகும்.

அல்ஜீப்ரா 2 யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. பேராசிரியர் ஆண்ட்ரூ ஹாக்கர் அதற்காக ஒரு புத்தகமே எழுதினார். அது கணக்குப் பாடத்திட்டத்தைத் திருத்துவதற்கான வாதம். தேவையில்லை என்றால் நேராக எடுத்துவிடட்டும், வேறொரு பாடத்துக்கு அதன் பெயரைச் சூட்ட வேண்டாம்.

இந்தக் குழப்பம் புதிதாக முளைத்திருக்க வேண்டியதே இல்லை. 1983-இல் வெளிவந்த 'எ நேஷன் அட் ரிஸ்க்' அறிக்கை உயர்நிலைப் பள்ளிக்குப் பரிந்துரைத்த ஐந்து அடிப்படைகளில் கணக்கு மூன்றாண்டு, கணினி அறிவியல் அரையாண்டு. இரண்டும் தனித்தனியாக. சிகாகோ பள்ளி நிர்வாகமும் 2016-இல் கணினி அறிவியலைத் தனிக் கட்டாயப் பாடமாகவே அறிவித்தது. அப்படிச் செய்தால் ஆசிரியரைத் தேட வேண்டும், கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும், பணம் போட வேண்டும். கிரெடிட்டின் தலைப்பை மாற்றச் சட்டமன்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை. மாநிலங்கள் இதைத் தாவிப் பிடித்ததற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.