போட்டோ படிப்புக்கு நிலத்தை அடகு வைக்கலாமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் தஞ்சை வட்டாரத்து வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு. பிள்ளை அடுத்து என்ன படிப்பது?

என்ஜினீயர் என்றால் அப்பா தலையாட்டுகிறார். நர்சு என்றாலும் தலையாட்டுகிறார். "போட்டோவில் பட்டப் படிப்பு படிக்கப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் மட்டும் வீடு இரண்டு படுகிறது.

"படம் பிடிக்கப் பட்டம் எதுக்குடா?" என்கிறார் அப்பா.

"காலம் மாறிப்போச்சுப்பா" என்கிறான் பையன்.

"இருக்கிற ரெண்டு மா நிலத்தையும் அடகு வைக்கணுமா?" என்று அம்மா கலங்குகிறாள்.

மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. எது பெரிய நியாயம்?

பட்டம் இல்லாமல் உயர்ந்தவர்கள்

1858-ல் தஞ்சைப் பெரிய கோவிலைப் படம் பிடித்தார் லின்னேயஸ் ட்ரைப். வெள்ளைக்காரர். பட்டாளத்தில் கேப்டன். கோவிலின் அடிப்பீடத்தில் உள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒன்றாக ஒட்டினார். அதன் நீளம் சுமார் 19 அடி! அவர் போட்டோவில் பட்டம் பெற்றவர் அல்ல. பொழுதுபோக்காகத் தொடங்கி, தாமே பழகிக் கொண்டவர்.

அவர் அயலார். தஞ்சை மண்ணில் பிறந்தவர் ஒருவரைப் பார்ப்போம்.

டி.என்.ஏ.பெருமாள் 1932-ல் தஞ்சாவூரில் பிறந்தார். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம் பிடித்து உலகப் புகழ் பெற்றார். பெங்களூரில் ஓ.சி.எட்வர்ட்ஸ் என்ற மூத்த கலைஞர்தான் அவருக்குக் குரு. இங்கிலாந்தின் ராயல் போட்டோகிராபிக் சங்கம் அவரைக் கவுரவித்தது. பெருமாள் 2017-ல் காலமானார்.

படிப்பு கைகொடுத்தவர்கள்

அப்படியானால் கல்லூரியே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது.

இலங்கை மட்டக்களப்புப் பக்கத்தில் பிறந்த பாலு மகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். பி.சி.ஸ்ரீராம் சென்னை திரைப்படக் கல்லூரியில் படித்தார். இருவருக்கும் படிப்பு கைகொடுத்தது.

காரணம் என்ன? சினிமாக் காமிராவின் விலை மிக அதிகம். அந்த நாளில் பிலிம் சுருளை ஓட்டிப் பழகவே பணம் வேண்டும். வீட்டில் இருந்தபடி தனி ஆள் கற்க முடியாது. கல்லூரியில் கருவி இருந்தது. சொல்லித்தர ஆளும் இருந்தார்கள்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்தக் கல்லூரி தருவதை வெளியே கற்க முடியாதா?" முடியும் என்றால் லட்சக்கணக்கில் கொட்டுவது வீண்.

கல்யாண மாதமும் மாதத் தவணையும்

இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது.

டெல்டாவில் போட்டோக்காரருக்குப் பெரிய வருமானம் கல்யாணம்தான். தை பிறந்தால் வேலை. வைகாசியில் வேலை. ஆவணியில் வேலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கையும் காய்ந்துவிடும். அதாவது, போட்டோத் தொழிலும் குறுவை, சம்பா போலத்தான். பருவம் பார்த்துத்தான் காசு வரும்.

கல்விக் கடன் அப்படி அல்ல. படிப்பு முடிந்து பொதுவாக ஓர் ஆண்டு பொறுப்பார்கள். பிறகு மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். பயிர்க் கடன் என்றால் அறுவடை ஆனபின் கட்டலாம். ஆடி மாதத்துத் தவணையை எதைக் கொண்டு கட்டுவது? இதைக் கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

தொழில் தாழ்ந்தது அல்ல

"கையில் போன் வைத்திருப்பவன் எல்லாம் படம் பிடிக்கிறான். இது ஒரு தொழிலா?" என்று கேட்பதும் தவறு.

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர் இருக்கிறது. அந்தக் கோவில் நடராஜர் சிலை திருடு போயிற்று. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்று 2008-ல் அதை 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது நம் சிலைதான் என்று காட்ட உதவியது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994-ல் கோவிலில் எடுத்து வைத்திருந்த போட்டோ! 2014-ல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

படம் எடுத்ததோடு வேலை முடியவில்லை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று குறித்து, பத்திரமாக வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்த யாராலும் முடியும். இந்தப் பொறுப்பு பயிற்சியால் வருவது. அதைக் கற்றுத்தரும் படிப்பு நல்ல படிப்பு. பொத்தானை மட்டும் காட்டும் படிப்புக்குக் காசு தண்டம்.

என்ன செய்யலாம்?

பிள்ளை ஒரு கல்யாண சீசன் முழுவதும் உள்ளூர் ஸ்டூடியோவில் வேலை பார்க்கட்டும். விளக்குப் பிடிக்கட்டும். பெட்டி தூக்கட்டும். இரவு கண் விழித்து ஆல்பம் சரி பார்க்கட்டும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அது உண்மையான ஆசை.

பக்கத்துக் கல்லூரியில் வேறொரு பட்டம் படித்துக்கொண்டே சனி, ஞாயிறில் இதைச் செய்யலாம். பேர்பெற்ற போட்டோக் கலைஞர் ரகு ராய் படித்தது சிவில் என்ஜினீயரிங்!

சினிமா ஒளிப்பதிவுதான் வேண்டும் என்றால் தரமணியில் அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளியும் நிழலும் கண்ணுக்குப் பழக வேண்டும் என்றால் கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. முதலில் இங்கே முயல வேண்டும். ஆசிரியர் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குப் பட்டம் கட்டாயம் வேண்டும். அதையும் மறக்கக் கூடாது.

தனியார் கல்லூரி என்றால் அங்கே படித்து முடித்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, "இப்போது என்ன சம்பாதிக்கிறாய் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும். விளம்பரத்தை நம்பிக் கட்டக்கூடாது.

பிள்ளையின் ஆசைக்குத் தடை போட வேண்டாம். அதற்காக நிலப் பத்திரத்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். பழைய காமிராவை விற்றுப் புதிய காமிரா வாங்கலாம். கைவிட்டுப் போன நிலத்தைத் திரும்ப வாங்கிய குடும்பம் டெல்டாவில் எத்தனை?